டி.வி. விலை குறைந்த சோகம்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி பெரிய டி.வி., ஏ.சி., சின்ன கார், 350 சி.சி. வரையிலான பைக் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. புதுச்சேரி நேரு வீதியில் இறங்கிய அதே நாளில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடலூரிலும் அதே அளவுக்கு இறங்கியது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி. புதுச்சேரிக்காரருக்கு மட்டும் இதில் ஒரு சின்ன மனக்குறை இருக்க வேண்டும். சொன்னால் நாட்டின் மகிழ்ச்சியைப் பொறுக்காதவர் என்பார்கள் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார். விலை குறைந்ததில் அவருக்கு வருத்தமில்லை, எல்லோருக்கும் சேர்த்துக் குறைந்ததில்தான் வருத்தம். பக்கத்து ஊரைவிட மலிவு என்பதையே முதலாகப் போட்டுக் கடை நடத்திய ஊருக்கு, எல்லா ஊரிலும் மலிவு என்பதும் எங்குமே மலிவில்லை என்பதும் கணக்கில் ஒன்றுதான்.

இந்த ஊரின் வியாபாரம் சரக்கால் நடந்ததல்ல, எல்லைக்கோட்டால் நடந்தது என்பது என் கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்தக் கோட்டைப் பார்த்தால், வரைந்தவர் நடுவில் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வரும். ஊரிலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால் வழியில் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வர வேண்டும். ஆனால் அந்தக் கோணல்தான் ஊருக்குச் சோறு போட்டது. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட சுங்க ஒப்பந்தத்தைச் சுதந்திர இந்தியா 1949-இல் முடித்துக்கொண்டதும் எல்லையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. சாவடி முளைத்த இடத்தில் கடத்தலும் கூடவே முளைத்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்த பிறகு கோடு அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. தனிச் சட்டமன்றம் வந்தது, அதோடு தனி விற்பனை வரியும் வந்தது. கோடு சுங்க உடுப்பைக் கழற்றிவிட்டு வரி உடுப்பைப் போட்டுக்கொண்டது. சீர்வரிசைக்கு ஃபிரிட்ஜும் டேப் ரெக்கார்டரும் வாங்கப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வந்தார்கள். சாலை வரி மிச்சம் என்று கார் வாங்கியவர்கள் பி.ஒய். 01 என்ற நம்பர் பலகையோடு சென்னையில் ஓட்டினார்கள்.    

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து இந்தக் கோட்டை அழித்தது. அழிக்காமல் மிஞ்சிய துணுக்குகளைக் கைபேசி அழித்தது. முன்பெல்லாம் கடலூரில் என்ன விலை, பாண்டியில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள ஒரு மைத்துனராவது பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது கடைக்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் ஆன்லைன் விலையைத் திரையில் காட்டிவிடுகிறார். சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரில் கோத்த ஐபோனுக்கு அந்த ஊரிலும் புதுச்சேரியிலும் டெல்லியிலும் அட்டைப்பெட்டியில் ஒரே விலைதான். கூரியர்க்காரருக்கு 605001 என்பது வெறும் பின்கோடு. அதற்குப் பின்னால் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயும் அவர் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையும் இருந்தார்கள் என்பதற்காக ஐந்து ரூபாய் தள்ளுபடி யாரும் தருவதில்லை. கைபேசியின் இந்தத் தாக்குதலைத் தாங்கி நிற்பது ஒன்றே ஒன்று: காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தரையில் விரித்த தார்ப்பாயில் கிடக்கும் பொருளுக்குப் பார்கோடு கிடையாது, அதனால் எந்தச் செயலியும் அதன் விலையை ஒப்பிட முடியாது.

“கோட்டைக் காட்டிப் பிழைப்பது ஒரு பிழைப்பா? ஒரே நாட்டில் ஒரே வரி இருப்பதுதானே நியாயம்?” என்று கேட்பார்கள். நியாயம்தான். ஒரே பொருளுக்கு ஆற்றின் இந்தக் கரையில் ஒரு விலை, அந்தக் கரையில் ஒரு விலை என்பதை ஆதரித்து நேர்மையாக வாதாட முடியாது. என் கேள்வி வேறு: ஒரே வரி என்றால் எல்லாவற்றுக்கும்தானே? மனிதர் அருந்தும் மதுவை அரசியல் சட்டமே ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்திவிட்டது. பெட்ரோலும் டீசலும் உள்ளே வரலாம், வருகிற தேதியை ஜி.எஸ்.டி. கவுன்சில் சொல்ல வேண்டும், 2017-இலிருந்து சொல்லவில்லை. அதாவது அரசுகளுக்கு நிஜமாகவே காசு தருகிற இரண்டு திரவங்களை விட்டுவிட்டு, மீதி பெரும்பாலானவற்றில் நாடு ஒன்றுபட்டது. அதன் விளைவு புதுச்சேரியில் பச்சையாகத் தெரிகிறது. டி.வி. வாங்க வந்தவர் நின்றுவிட்டார், டேங்க் நிரப்பவும் பாட்டில் வாங்கவும் வருபவர் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் வாட் வரியைக் கொஞ்சம் ஏற்றிய பிறகும் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. பாட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைக்கும் மாநில எல்லையில் பையைத் திறந்து காட்ட வேண்டிய பயணி அது. கேரளத்துக்குள் இருக்கும் புதுச்சேரித் துண்டான மாஹேயைக் கேட்டால் இதே கதையை மலையாளத்தில் சொல்லும்.

கூட்டம் வருவது கோட்டுக்காகத்தான் என்பதற்குச் சாட்சி கேட்பவர்களுக்கு 2020 இருக்கிறது. அந்த மே மாதம், எல்லை தாண்டிக் கூட்டம் வரக்கூடாது என்று மதுவின் மேல் சிறப்பு வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினார்கள். கூட்டத்தைத் தடுக்க வேலி கட்டவில்லை, விலையைச் சமப்படுத்தினால் போதும் என்று அரசே நினைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரலில் அந்த வரி போனது. பெருந்தொற்றுக் காலத்து விற்பனையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் ஆட்சேபிப்பார்கள், அதுவும் சரிதான். விற்பனைக் கணக்கை நான் தொடவில்லை. கூட்டம் எதற்காக வருகிறது என்று அரசுக்கே தெரிந்திருந்தது, எனக்கு அது போதும்.

இன்னொரு ஆட்சேபம் சுற்றுலாவைக் கொண்டு வரும். கடற்கரை இருக்கிறது, வெள்ளை நகரம் இருக்கிறது, அதற்காகத்தானே வருகிறார்கள் என்பார்கள். வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் போனை ஆன்லைனில் வாங்கிவிட்டு, அந்தப் போனில் படம் பிடிக்க மட்டும் துய்மா வீதி மஞ்சள் சுவருக்கு வருகிறார்கள். சுவருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு வந்தவர் ஊருக்குப் பணத்தைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது வருபவர் காபிக்குக் கொடுக்கிறார், அறைக்குக் கொடுக்கிறார், அதனால் சனி ஞாயிறுகளில் காபியும் அறையும் உள்ளூர்க்காரருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகின்றன. மலிவு ஊர் என்று பெயர் எடுத்த இடத்தில் மலிவாக இல்லாதது அங்கே குடியிருப்பதுதான். விதிவிலக்கு சொல்தாக்கள்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களும் அவர்கள் குடும்பங்களும். 2025-இல் யூரோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பத்திரிகைகள் ரூபாய்க்காகக் கண்ணீர் விட்டன. ஓய்வூதியம் வருகிற வீடுகளில் அப்படி ஒன்றும் அழுகுரல் கேட்டிருக்காது. அதுவும் கோடு தந்த லாபம்தான், 1962-இல் எந்தக் குடியுரிமை என்று கேட்டபோது போட்ட கையெழுத்தின் லாபம்.

அந்தக் குடும்பங்களின் வரவைக் கொண்டு அரசு நடத்த முடியாது. அரசிடம் மிஞ்சியிருக்கும் இரண்டு திரவங்களில் ஒன்றின் காலமும் முடியப்போகிறது. அதை முடிக்கப்போவது கவுன்சில் அல்ல, மின்சார ஸ்கூட்டர். அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், வீட்டுப் பிளக்கில் சொருகினால் போதும். அதில் வருகிற விழுப்புரத்துக்காரர் எல்லையோர மதகடிப்பட்டு பங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதன் பிறகு பாட்டில் ஒன்றுதான் மிச்சம். பாட்டிலுக்கு மாற்றாக எந்தத் தொழில்நுட்பமும் வரவில்லையே என்று நிதித்துறை நிம்மதியாக இருக்கலாம், ஆனால் குடிப்பவரின் ஈரலை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுவது நிதி நிர்வாகம் ஆகாது. மத்திய அரசு தந்துவந்த ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. சட்டமன்றம் இருந்தாலும் யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழுவின் பங்கீட்டில் புதுச்சேரிக்கு இடமில்லை. மாநிலங்களுக்கு வருகிற வரிப்பங்கு இங்கே வருவதில்லை. வரி வசூலிக்கும்போது இந்தியாவோடு ஒன்று, பங்கு பிரிக்கும்போது கோட்டுக்கு அப்பால் என்பது கோணல் எல்லையைவிடக் கோணலான கணக்கு. கோட்டை அழித்தவர்கள் அதை முழுதாக அழிக்கட்டும். புதுச்சேரியையும் நிதிக்குழுவின் வரம்புக்குள் சேர்க்கட்டும்.