மண்ணுக்கு வச்ச கணக்கு மண்டைக்கு

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. மனுசன் படிக்கிறதையும் மறக்கிறதையும் கணக்குல அடைக்கப் போறியாமே? அதுக்கு முழு வகைக்கெழு பத்தாதாம், பின்ன வகைக்கெழுதான் வேணுமாம். சரிதான். முழுசாப் படிச்சவன் முழுசு போடுவான், அரைகுறைக்குப் பின்னந்தான தோது.

மூஞ்சியத் தூக்காத. நீ போன மாசம் போட்டுட்டுப் போன தாளையெல்லாம் வாசிச்சேன். எனக்கு எங்க புரியப் போவுது, சும்மா பொழுது போகாமத்தான். அரை வகைக்கெழு 1695-லயே லைப்னிட்ஸ் லோபிதாலுக்கு எழுதுன கடுதாசியில வந்துட்டு. இப்ப முரணாத் தெரிஞ்சாலும் ஒருநாள் உதவும்னு சொல்லியிருக்காரு மனுசன். உன் மேற்பார்வையாளர் பொறுமையெல்லாம் அவருகிட்ட பிச்சை வாங்கணும்.

மறதிய உக்காந்து அளந்தவன் எபிங்ஹவுஸ். ஜெர்மனிக்காரன், 1885-ல புஸ்தகம் போட்டான். தன்னையே ஆளா வச்சுக்கிட்டு, அர்த்தமத்த அசைகளை உருப்போட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி உருப்போட்டான். நீ பரீச்சைக்கு முந்தின ராத்திரி பண்ணுவியே, அதேதான், ஆனா அவன் ரெண்டாந்தடவை எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு குறிச்சு வச்சான். 20 நிமிசம் கழிச்சு மிச்சம் 58 சதவீதம். அதே விகிதத்துல கரைஞ்சா ஒரு மணி நேரத்துல 20-க்குள்ள வரணும், மறுநாள் துடைச்சுவிட்ட பலகைதான். அவனுக்கு ஒரு மணியில 44, ஒரு நாள்ல 34, 31 நாள் கழிச்சும் 21.

ஏன்னு கேளு. முழு வகைக்கெழு போட்ட சாதாச் சமன்பாட்டுக்கு இப்பக் கையில என்ன இருக்குங்கிறது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும், நேத்துக் கதையே கேக்காது. பின்னத்துக்காரன் பங்காளி மாதிரி. ஆரம்பத்துலருந்து நடந்தது பூராவையும் கூட்டி வச்சிருப்பான். கிட்ட நடந்ததுக்குக் கனம் கூட, தூரத்துல நடந்ததுக்குக் கம்மி, ஆனா சுழி மட்டும் கிடையாது.

வகைக்கெழுவோட வரிசைதான் ஆல்ஃபா. அது 1-ன்னா பழைய சாதாச் சமன்பாடு. அதை அரைன்னு வச்சு, மறக்குற வேகத்தை 1-ன்னு வச்சுப் போட்டுப் பாரு. காலம் 0.1-ல சாதாவுக்கு 100-க்கு 90, அரைக்கு 72. காலம் 5-ல சாதாவுக்கு 1 கூடத் தேறாது, அரைக்கு 23. முதல்ல சடசடன்னு சரியும், பெறவு லேசுல போகாது. இந்த வளைவுக்குப் பேரு மிட்டாக்-லெஃப்ளராம். நான் மிட்டாய்னு வாசிச்சு ஆசையாப் பொரட்டுனேன்.

நீ எடுத்தாளுற வகைக்கெழு கபுடோவோடது, 1967. அவரு பூமிக்குள்ள அலை எப்படி அடங்குதுன்னு பாத்தவரு. மண்ணுக்கு வச்ச கணக்கு மண்டைக்குப் பொருந்துச்சுன்னா சந்தோசந்தான்.

ஆனா ஒண்ணு. நூறு பேரைக் கூட்டிவந்து சராசரி போட்டுட்டு ஓடியாராத. ஒருத்தன் சுருக்க மறப்பான், ஒருத்தன் ஆற அமர மறப்பான். ஒவ்வொருத்தனும் சாதாக் கணக்குலயே மறந்தாலும், எல்லாத்தையும் கூட்டி வகுத்தா நீள வாலு தன்னால முளைக்கும். நீ அதைப் பாத்து ‘ஆல்ஃபா 0.6’னு கூத்தாடுவ. அந்த நூறு பேர்ல ஒருத்தன் மண்டையிலயும் இல்லாத ஆல்ஃபாவா இருக்கும் அது. ஆளாளுக்குத் தனிக்கோடு போடு. பெறவு, கூட ஒரு திருகாணி கிடைச்சா எந்தக் கோடும் புள்ளி மேல நல்லாத்தான் உக்காரும். பாதிப் புள்ளியில ஆல்ஃபாவக் கண்டுபிடி, மீதியில அது பலிக்குதான்னு பாரு.

ஆளு பத்தலைன்னா உங்க ஆச்சிய எழுதிக்க. எங்க கல்யாணப் பந்தியில மதினி இவளுக்கு அப்பளம் வைக்காம விட்டதை, 52 வருசம் கழிச்சு நேத்து ராத்திரியும் சொன்னா, அப்பளம் நொறுங்குற சத்தத்தோட. ஆனா அவளை மட்டும் சராசரியில சேத்துராத லே, கோடே மேல ஏற ஆரம்பிச்சிரும்.