கால் அங்குலக் கணக்கர்

மினசோட்டா, வண்டி நம்பர் பலகையிலேயே பத்தாயிரம் ஏரி என்று எழுதிவைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்க மாநிலம். அங்கே எந்த ஏரித் துறைக்குப் போனாலும் இவர் இருப்பார். ஐம்பது தாண்டிய வயது, வெயிலில் சிவந்த மூக்கு, கழுத்தில் தொங்கும் நீச்சல் கண்ணாடி. ஊரார் படகின் வண்ணத்தையும் இருக்கையையும் பார்ப்பார்கள்; இவர் நேரே அடிப்பக்கம் போவார். டிரெய்லரில் ஒரு படகு கரையேறினால் போதும், குனிந்து உட்கார்ந்து, ப்ரொப்பெல்லர் இறக்கையின் பின் விளிம்பில் நாடி பிடிக்கும் வைத்தியரைப்போலக் கட்டைவிரலை ஓட்டி, "கப் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். படகுக்காரர் எதையும் கேட்டிருக்க மாட்டார். அந்த விளிம்பில் இருக்கும் சின்ன வளைவுக்குத்தான் கப் என்று பெயர் என்பதும் அவருக்குத் தெரியாது.

இவருடைய படகு இன்போர்டு. எஞ்சின் உள்ளே, தண்டு படகின் அடிவழியாக வெளியே, அதன் நுனியில் ப்ரொப்பெல்லர். அந்த ப்ரொப்பெல்லருக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பது. மரத்தில் இறங்கும் திருகாணி என்றால் கணக்கு அப்படியே பலிக்கும். தண்ணீர் வழுக்கிவிடும். 13 அங்குலப் பிட்ச், கியர் குறைப்பு இல்லை, நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் தாளில் மணிக்கு 37 மைல் வருகிறது. ஏரியில் 32 வருகிறது. மிச்ச ஐந்து மைல் எங்கே போயிற்று என்ற தேடலிலேயே இவருடைய கோடைகாலம் முழுக்கக் கழிகிறது.

வீட்டிலும் நிலைமை எளிதில்லை. மகள், படகு இழுக்கத் தண்ணீர்மேல் ஒற்றைப் பலகையில் சறுக்குபவள். அவளுக்கு 34 மைல் வேகமும் பின்னால் தட்டையான தண்ணீரும் வேண்டும். மகனுக்கு வேக்போர்டு, 22 மைல், நல்ல அலை. மனைவிக்கு வேக்சர்ஃப், 11 மைல்தான், ஆனால் அலை பெரிதாக எழ வேண்டும் என்பதற்காக ஏரித் தண்ணீரையே மூட்டைகளில் ஏற்றிப் படகைப் பாதி அமுக்கியாக வேண்டும். பிட்சைக் கூட்டினால் மேல் வேகம் உண்டு, ஆனால் பாரத்தோடு கிளம்பும்போது எஞ்சின் திணறும். குறைத்தால் வெடுக்கென்று இழுக்கும், ஆனால் மகளின் வேகத்துக்கு வரும்போது எஞ்சின் அலறும், பெட்ரோலும் குடிக்கும். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே ப்ரொப்பெல்லர் கிடையாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இது மூன்றை விற்பதற்கான தந்திரம் என்று இவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பிறகு மூன்றையும் வாங்கினார்.

மாற்றுவதைத்தான் பார்க்க வேண்டும். படகைக் கரையேற்றி மாற்றலாம்; அதற்குப் பொறுமை இல்லை. மூச்சைப் பிடித்து முழுகி, ஸ்பிலிட் பின்னைப் பிடுங்கி, நட்டைத் தளர்த்துவார். முழுசாகக் கழற்ற மாட்டார், அதில் கெட்டிக்காரர். தண்டின் நுனி கூம்பு வடிவம். அதில் இறுகிக் கிடக்கும் ப்ரொப்பெல்லர் விடுபடும்போது ஒரே எகிறாக எகிறும், நட்டு மட்டும்தான் அதைத் தடுத்து நிறுத்தும். புல்லரை மாட்டித் திருக, தண்ணீருக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். துறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த நிமிடம் இவர் தலை மட்டும் வெளியே வரும். முகத்தைப் பார்த்தாலே தெரியும், தண்டுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் இருந்த விரல் நீளக் கீ சேற்றுக்குள் போய்விட்டது. அதனால் உதிரிக் கீ எப்போதும் கைவசம் வைத்திருப்பார், டப்பா நிறைய.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும், விஷயம் தெரிந்த மனிதர். டாஹோ ஏரிக்குப் படகு கொண்டுபோகிறேன் என்று ஒருவர் சொன்னதும், "அது 6,200 அடி உயரம்; ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் எஞ்சின் பலம் போகும், பிட்சைக் குறைத்துவிட்டுப் போ" என்றார். சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த ஆள் டாஹோவுக்கு அன்றைக்கே கிளம்பியிருப்பார்.

இவரைச் சிரிக்கவைக்கலாம் என்று ஒருநாள் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் கதையைச் சொன்னேன். 1836இல் கப்பல் திருகுக்குக் காப்புரிமை வாங்கிய ஆங்கிலேயர். மறு வருடம் லண்டன் கால்வாயில் வெள்ளோட்டம் விடும்போது, இரண்டு சுற்று நீளமுள்ள அவருடைய மரத் திருகு எதிலோ இடித்துப் பாதி உடைந்து விழுந்தது. உடனே படகு முன்னைவிட வேகமாக ஓடியது. எத்தனை கணக்குப் போட்டும் கிடைக்காத அளவு, முட்டிக்கொண்டதில் கிடைத்தது. இவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மிச்சமிருந்த பாதியில் கப் இருந்ததா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை ஓட்டம். வெறும் படகை ஓட்டிப் பார்ப்பது ஏமாற்று வேலை, எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரையும் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பது இவர் கொள்கை. கொள்கை நல்லதுதான். விருந்துக்கு வந்தவர்கள்தான் பாவம். ஒவ்வொருவரின் எடையும் நோட்டில் இருக்கும். "போன தடவை 190 பவுண்டு என்றாயே, இன்றைக்குப் படகு ஏன் தாழ்கிறது?" என்று மைத்துனரைக் கேட்பார். காலைச் சாப்பாட்டைப் பற்றி விசாரணை நடக்கும். பிறகு ஒருவரை முன்பக்கம், இருவரை இடதுபக்கம் என்று உட்காரவைத்து, முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுக்குப் போகிறது, அது கையேட்டில் சொன்ன வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார். வெயில் தாங்காமல் யாராவது தண்ணீரில் குதித்தால் சோதனை முதலிலிருந்து.

இதே மாநிலத்துப் பெப்பின் ஏரியில்தான் 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் நுனி வளைத்த இரண்டு பலகையில் நின்று, படகு இழுக்க, தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டையே தொடங்கிவைத்தார். நம்மவர் படகின் பின்னால் சறுக்குவதற்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் சாயங்காலம் வெளிச்சம் இருந்தால் உண்டு.

செப்டம்பரில் ஒருவழியாக எல்லாம் கூடிவந்தது. நாலு இறக்கை, பதினாலரைக்குப் பதினாலேகால். பாரத்தோடு சொகுசாகக் கிளம்பியது, சுற்று எண்ணிக்கையும் வரம்புக்குள் நின்றது. நோட்டில் இரட்டைக் கோடு போட்டார். அந்த வாரமே படகை மூடிக் கொட்டகையில் ஏற்றினார்கள். பிறகு ஏரி உறைந்தது. குளிர்காலம் முழுக்க மனிதர் சிரித்த முகமாகவே இருந்தாராம், மனைவி சொன்னார்.

மே மாதம் ஏரி திறந்த முதல் ஞாயிறு மைத்துனர் வந்து இறங்கினார். உடற்பயிற்சியாம், பத்தியமாம், 40 பவுண்டு குறைத்திருந்தார். ஆளே மாறிவிட்டாய் என்று எல்லாரும் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். நம்மவர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார்.