அவுன்ஸ் ஆசாமி

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை நடந்தே முடிக்கக் கிளம்புகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கிளம்ப ஒரு வருஷம் இருக்கும்போதே சமையலறைத் தராசு அவர் மேஜைக்குக் குடிவந்துவிடும். டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்து, அறுத்த துண்டையும் நிறுத்து, மிச்சம் பிடித்த அவுன்ஸைக் கணினி அட்டவணையில் ஏற்றுவார். கூடாரம், ஸ்டவ், சாக்ஸ் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி வரி உண்டு. சொந்தத் தொந்திக்கு மட்டும் கிடையாது. அங்கேதான் இடிக்கிறது. தராசில் ஏறுகிற சங்கதிகளை மட்டுமே இவர் திட்டமிடுகிறார். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெயினின் கட்டாடின் வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுப்பாதையும் நடப்பதாகப் புறப்படுகிறவர்களில் சுமார் நாலில் ஒருவர்தான் கரை சேர்கிறார். மற்றவர்களைத் திருப்பி அனுப்புவது முழங்கால், மழை, காலிப் பர்ஸ், சலிப்பு. எதுவும் நிறுத்துப் பார்க்கக் கூடியதல்ல. போதாக்குறைக்கு, 50 கிலோமீட்டர் தாண்டியதுமே நீல் கேப்பில் ஒரு கடை இருக்கிறது. பாதையே அந்தக் கட்டடத்துக்குள் புகுந்துதான் போகிறது. வேண்டியவர்களுக்கு அங்கே பையைக் கொட்டிப் பார்த்து, வேண்டாததை வீட்டுக்குப் பார்சல் கட்டித் தருவார்கள். டூத்பிரஷ்ஷை அறுத்தவர் பையிலிருந்து, 'எதற்கும் இருக்கட்டுமே' என்று வைத்த கைக்கோடரி வெளியே வரும்.

திட்டமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அக்டோபர் நடுவில் கட்டாடினில் பருவம் முடிந்துவிடும். அதற்குள் போய்ச் சேர நாள்கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். 1955-இல் இந்தப் பாதையைத் தனியாக முடித்த எம்மா கேட்வுட்டே முந்தின வருஷம் மெயின் காட்டில் வழி தப்பி, மூக்குக்கண்ணாடி உடைந்து திரும்பியவர்தான். மறுமுறை அவர் தராசு வாங்கவில்லை. திசையை மாற்றி, மே மாதம் தெற்கிலிருந்து தொடங்கினார். பதினொரு பிள்ளை பெற்ற 67 வயசுக்காரி. காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. அவுன்ஸ் ஆசாமிகள் இவரையே குலதெய்வமாகக் கும்பிடுவதுதான் வேடிக்கை. பாரம் குறைத்து நடந்த முன்னோடி அல்லவா என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த அம்மாளின் பை இலேசாக இருந்தது, அதிகம் எதுவும் வைக்காததால். அவுன்ஸ் ஆசாமியின் பை இலேசாவது, இருப்பதைத் தூக்கிப்போட்டு அதையே இன்னும் மெல்லிசாக, இன்னும் விலையாக வாங்குவதால். முதுகில் குறைகிற பாரமெல்லாம் கிரெடிட் கார்டில் ஏறுகிறது. இதை எடுத்துச் சொன்னால் அவர் பொறுமையாகவே கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, அந்தக் குளியலறைத் திரை எத்தனை அவுன்ஸ் இருந்திருக்கும் என்று விசாரிப்பார்.