கீறல் காணாத் திருமேனி

தருமபுரிச் சீமையில் கருணைக்குப் பஞ்சம் என்று யாராவது வாய் கூசாமல் சொன்னால், அவரை ஒரு கார் டீடெயிலிங் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே, தம் வாகனத்தின் கதவில் வெயில் பட்டால் மட்டும் தெரியும் ஒரு கீற்றைக் கண்டு குரல் தழுதழுக்க நிற்கும் எங்கள் பிரபுவைக் காணலாம். பெற்ற பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, "தானா ஆறிடும், போ" என்று சொன்ன அதே திருவாய்தான். காரின் மேனி தானாக ஆறாது என்ற ஞானம் உள்ளவர் அவர்.

அந்த மேனியின் மகிமையைச் சற்று விரித்துரைக்க அடியேனுக்கு அனுமதி வேண்டும். தகட்டின் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். இந்தக் கடைசிப் படலத்தின் கனம் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றைவிட மெலிது. அந்த மெல்லிய இடத்துக்குள் ஒருவர் தம் மானம், மகிழ்ச்சி, மாதத் தவணை மூன்றையும் குடிவைத்து, இன்னும் இடம் மீதி இருக்கிறது என்று அண்டைவீட்டார் பொறாமையையும் அங்கேயே தங்கவைக்கிறார் என்றால், அவரை எந்த வாயால் புகழ்வது?

கவசம் சாத்தும் வைபவமோ காணக் கண் கோடி வேண்டும். முதலில் பாலிஷர் இயந்திரத்தைச் சுழலவிட்டு, காக்கப்பட வேண்டிய கிளியர் கோட்டிலேயே ஒன்றிரண்டு மைக்ரானைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். பெயிண்டைக் காப்பாற்றுவதற்குப் பெயிண்டைக் குறைப்பது! உடலுக்கு நல்லது என்று சொல்லிச் சோற்றைப் பிடுங்கும் மருத்துவர்கூட இவ்வளவு துணிந்ததில்லை. பிறகு செராமிக் கோட்டிங். கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவின் வழித்தோன்றல் அது. காய்ந்தபின் அதன் கனம் சில மைக்ரானோடு நின்றுவிடும். ஆனால் அதற்குச் சூட்டப்பட்ட பட்டமோ '9எச்'. விற்பனைச் செம்மல் அதை உச்சரிக்கும் தோரணையில் வைரமே கூசிப் பின்வாங்கும். 9எச் என்பது பென்சிலின் பட்டம். எந்தப் பென்சில் வரை கிழித்தால் பூச்சு தாங்கும் என்று பார்க்கும் சோதனையிலிருந்து வந்தது. ஆக, பிரபுவின் தேரைப் பென்சிலோடு வரும் எந்தப் பள்ளிப் பிள்ளையும் இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆணியோடு வருகிறவனும் லாரிச் சக்கரம் தெறிக்கும் ஜல்லியும் பட்டியலில் இல்லை. அதனால் என்ன? எதிரியைத் தேர்ந்தெடுத்து வெல்வதும் ராஜதந்திரம்தானே.

ஜல்லிக்கு வேறு கவசம் உண்டு. பிபிஎஃப் என்னும் ஒளிபுகும் பாலியூரித்தேன் சட்டை; 150 முதல் 200 மைக்ரான் கனம்; முழுக் காருக்கும் போட்டால் லட்சத்தைத் தாண்டும். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்கப் பிறந்த படலம் இது. போர்க்களத்தில் பிறந்தது, இன்று கல்யாண மண்டப வாசலில் ஷெட்டுக்கும் செடிக்கும் நடுவே நிற்கும் வெள்ளைக் காரைக் காத்துக்கொண்டிருக்கிறது. வீரத்துக்கு இதைவிட நல்ல ஓய்வூதியம் கிடையாது.

நீராட்டைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். நுண்கீறல்களில் பெரும்பகுதி தூசியோடு துணி போட்டுத் தேய்ப்பதால்தான் விழுகிறது. ஆகவே இரண்டு வாளி, ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. தண்ணீர் மட்டும் உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாது; அது கோட்டிங் மேல் காய்ந்தால் வெள்ளை வட்டம் படிந்துவிடும். தண்ணீரின் தரம் பற்றி இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பல்லில் பழுப்பேறியது. பெரியவர்களுக்கு மூட்டு இறுகியது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அந்தத் திட்டம் கொண்டுவந்த காவிரியைத்தான் எங்கள் பிரபு குழாயைத் திருகித் தம் பானெட்டுக்கு வார்க்கிறார். கல்நெஞ்சர் சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். பல்லில் கறை விழுந்தால் வாயை மூடிக்கொள்ளலாம். பானெட்டை மூடினாலும் வட்டம் தெரியுமே!

இத்தனை சீர்சிறப்போடு பிரபு ஒருநாள் அரூர் வழியாகச் சித்தேரி மலைக்கு எழுந்தருளினார். நான்கு சக்கரமும் இழுக்கும் எஸ்யூவி. காடு மலை எதுவும் தடையில்லை என்று விளம்பரத்தில் ஆறு தாண்டிய ஜாதி. மலைப்பாதையின் ஒரு வளைவில் உண்ணிச்செடி சாலைக்குள் கை நீட்டியிருந்தது. தேர் நின்றது. கண்ணாடிகள் மடிந்தன. ஓட்டுநர் இறங்கி, முள் கையைக் கிழிக்கக் கிழிக்கக் கிளைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் தோலுக்கு வாரண்டி இல்லாததால் அதுபற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. முல்லைக்கொடி வாடக் கூடாதென்று பாரி தேரையே விட்டுக்கொடுத்தான். தேர் வாடக் கூடாதென்று செடியை வேரோடு வெட்டச் சொன்னார் எங்கள் பிரபு. பாரி அன்று வீட்டுக்கு நடந்து போயிருப்பான். இவர் ஏசியில் மேலே போனார். வள்ளன்மையில் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

சற்று மேலே, காய்ச்சலில் துவண்ட பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவி கை காட்டினாள். "சாமி, அரூர் ஆஸ்பத்திரி வரைக்கும்..." பிரபு கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி, தேன் ஒழுகப் பேசினார்: "பாட்டி, கதவுல கை வெக்காதீங்க. வளையல் உரசும். இப்பதான் கோட்டிங் போட்டிருக்கு, ஒரு வாரத்துக்கு ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருக்காங்க." கிழவி ஒதுங்கி நின்றாள். ஏழு நாள் கழித்துக் காய்ச்சல் வந்திருந்தால் நிச்சயம் ஏற்றியிருப்பார். நாள் பார்க்காமல் வரும் நோயைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இந்த மலையில் அரசநத்தம், கலசப்பாடி போன்ற சிற்றூர்க்காரர்கள் ஆண்டாண்டாகச் சாலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். நோயாளியை மூங்கிலில் தூளி கட்டி, தோளில் சுமந்து இறங்கிய ஊர்கள் மலைநாட்டில் உண்டு. பிரபு இதைக் கேட்டு நெக்குருகிப் போனார். "சாலையே இல்லாத ஊரா? அப்படியானால் காருக்கு ஒரு கீறலும் விழாதே! எவ்வளவு பாதுகாப்பான இடம்!" என்றார். மூங்கில் உரசி உரசித் தோளில் ஏறிய காய்ப்பைக் காட்டினார்கள். இயற்கையாகவே கோட்டிங் வளரும் உடம்பு, செலவே இல்லை என்று வியந்தார். இப்படி ஒரு நோக்கு எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நீர்த்துளிகள் கோட்டிங் மேல் முத்து முத்தாய் உருண்டோடியதைக் கைப்பேசியில் படம் பிடித்தார் பிரபு. படத்தின் ஓரத்தில் அந்தக் கிழவியும் பேரனும் நனைந்துகொண்டு நிற்பது கொஞ்சம் விழுந்திருந்தது, வெட்டிவிட்டார்.

சித்தேரிச் சாலையில் போகும் பெரியோர்களுக்கு அடியேனின் பணிவான விண்ணப்பம்: எதிரே அந்தத் திருமேனி வந்தால் ஓரமாக நில்லுங்கள். இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் மண்வெட்டி, குடைக்கம்பி எது இருந்தாலும் முதுகுப்பக்கம் மறைத்துக்கொள்ளுங்கள். சாமை மூட்டையைக் கீழே இறக்கிவையுங்கள். தும்மல் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கடன் தீர இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. கோட்டிங்கின் வாரண்டியோ மூன்று வருஷம்தான்.