பத்துக்குப் பன்னிரண்டு

ஓசூரை அடுத்த பாகலூரில் எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் ராகி மூட்டை அடுக்கிவைத்த அறை ஒன்று உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு. மூட்டைகள் போய்ப் பல வருடம் ஆகியும் அதற்கு 'ராகி ரூம்' என்றுதான் பெயர். அதைக் குழந்தையின் அறையாக மாற்றப்போகிறேன் என்றதும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறக்கப்போறது கொழந்தையாடா, கலெக்டரா? தனி ரூம் எதுக்கு?"

எங்கள் குடும்பத்தில் இதுவரை எந்தக் குழந்தைக்கும் தனி அறை இருந்ததில்லை. பெரியவர்களுக்கே இருந்ததில்லை. ஆனால் நான் ஓசூர் சிப்காட்டில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவன். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கண்ணுக்கு அந்த சிமென்ட் தரையில் விரல் நுழையும் விரிசல்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு விரிசலில் இன்னும் நாலு ராகி இருந்தது.

உடனே உடைக்கவும் முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் தரையை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பூசணிக்காய்கூட உடைக்கக் கூடாது. இது அம்மா சட்டம், மேல்முறையீடு கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி காரைக்குடிக்கு பஸ் ஏறிய அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு ராகி ரூமுக்குள் நுழைந்தேன். எல்லாம் சேர்த்து பட்ஜெட் பதினைந்தாயிரம்.

தரையை நாம் காலால் பார்க்கிறோம். குழந்தை நாக்கால் பார்க்கும். பெரியவர்களுக்கு நடக்கிற இடம், அதற்குப் பந்தி. சுருக்கமாகச் சொன்னால், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு வாங்கக் கிளம்பினேன். அது வழுக்கக் கூடாது, மூத்திரம் குடிக்கக் கூடாது, குளிரக் கூடாது. கடைசி நிபந்தனை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஓசூர்ப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் இங்கே தரையில் கால் வைப்பது ஒரு முடிவு. அதற்கு மனத்தைத் தயார் செய்ய வேண்டும்.

முதல் யோசனை கிரானைட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கிரானைட்டை நினைக்காமல் இருப்பது திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவை நினைக்காமல் இருப்பது மாதிரி. பர்கூர்ப் பக்கத்துக் கல்லுக்கு வெளிநாட்டு வியாபாரத்தில் 'பாரடைசோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் சொர்க்கம். பாலிஷ் பட்டறையில் கட்பீஸ் சல்லிசாகக் கிடைக்கும் என்றார் நண்பர். போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கனம். கையை வைத்துப் பார்த்தேன். சொர்க்கம் சில்லென்று இருந்தது. முழங்காலில் நகரப்போகிற ஜீவனுக்கு இவ்வளவு சீக்கிரம் சொர்க்கம் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

பெங்களூரில் ஃபிளாட் வாங்கியிருக்கும் சக ஊழியர் மரத் தரை போடச் சொன்னார். அவர் சொன்ன மரம், மரத்தின் படம் ஒட்டிய பலகை. தண்ணீர் பட்டால் ஊதும். குழந்தை இருக்கிற அறையில் தண்ணீர் படாத நாள் எது? வினைல் விரிக்கலாம் என்றார் இன்னொருவர். மெத்தென்று இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் சுருளைப் பிரித்ததும் புது ரெயின்கோட் வாசனை வந்தது. பிவிசியை இளக்கிக் கொடுக்க தாலேட் என்று ஒரு ரசாயனக் கூட்டத்தைச் சேர்ப்பார்கள். குழந்தை வாயில் வைக்கிற பொம்மைகளில் அதில் சிலவற்றுக்கு ஐரோப்பாவில் தடை உண்டு. பொம்மையையாவது பிடுங்கிவிடலாம், தரையை எப்படிப் பிடுங்குவது?

இதற்குள் செய்தி காரைக்குடிக்குப் போய்விட்டது. மாமா மறு வாரமே வந்து இறங்கினார். கையில் துண்டு சுற்றிய பொட்டலம். உள்ளே இரண்டு ஆத்தங்குடிக் கல், சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூப் போட்டது. அத்தனை கனத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, இது சூளையில வேகுறதில்ல. கண்ணாடி மேல அச்ச வச்சு, சாயத்த ஊத்தி, மேல சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுக்கிறது. அந்தக் கண்ணாடிதான் பளபளப்பு. மிதிக்க மிதிக்க மெருகேறும்."

"மிதிக்க ஆள் இன்னும் பிறக்கலியே மாமா."

"தவந்தாலும் ஏறும்."

கோவணம்கூட இல்லாமல் ஒரு வருடம் நகரப்போகிற பேரப்பிள்ளையை இலவச பாலிஷ் மெஷினாக அவர் கணக்கில் எழுதிவிட்டார் என்று புரிந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் வண்டி வாடகையைக் கேட்டதும் ஆசை தெளிந்தது. அதைப் பதிக்கத் தெரிந்த கொத்தனாரையும் அங்கிருந்தே கூட்டிவர வேண்டும். அவருக்குச் சாப்பாடு, தங்க இடம். தங்க இடம் என்றால் ராகி ரூம்தான்.

திண்ணையில் இந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வாத்தியார், ஓய்வு பெற்றவர், செய்தித்தாளை மடித்தார். "1878-ல இதே ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில ராஜாஜி பொறந்தாரு. டைல்ஸ்லயா தவழ்ந்தாரு? கவர்னர் ஜெனரல் ஆகலையா?" அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கவர்னர் ஜெனரலையே நான் கெடுக்கப் பார்க்கிறேன் என்ற குற்றச்சாட்டு இருந்தது.

கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். ஓசூரில் ஒரு டைல்ஸ் கடை. எங்கள் ஊர்க் கல் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. குஜராத் மோர்பியில் களிமண்ணைச் சுட்டு, இத்தாலியப் பளிங்கின் படத்தை அதன்மேல் அச்சடித்து, 1,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கொண்டுவந்து எங்களுக்கு விற்கிறார்கள். இதில் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொண்டு நிற்கையில் கடைக்காரர் ஒரு பளபளக்கும் டைலை நீட்டினார். கூட வந்த தெலுங்கு நண்பர் "ஜாருதுந்தி" என்றார். பக்கத்தில் நின்ற கன்னடக்காரர் "ஜாருத்தே" என்றார். நான் "வழுக்கும்" என்றேன். மும்மொழியும் ஒரே கருத்தில் நின்றதை இந்த எல்லையில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொழில் புத்தி சும்மா இருக்காது. வழுக்கலுக்கு ஜெர்மனியில் ஒரு சோதனை உண்டு. சாய்தளத்தில் டைலைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஆள் தடுமாறுகிற கோணத்தை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரிப்பார்கள். வெறுங்காலுக்குத் தனிச் சோதனை, அதில் சோப்புத் தண்ணீர். எண்ணெய்க் குளியல் நடக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை ஏது?

"இதுக்கு ஆர் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ரேட்டா சார்? நாற்பத்தெட்டு."

ஆர்48 என்றால் சுவரிலேயே நடக்கலாம். மேற்கொண்டு கேட்காமல், சொரசொரப்பான மேட் ஃபினிஷில் சந்தன நிறம் ஒன்றை எடுத்தேன். விட்ரிஃபைடு. அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அந்த விஷயத்தில் என்னைவிடக் கட்டுப்பாடானது.

கணக்கில் ஒரு சின்னத் தகராறு. 'இரண்டுக்கு இரண்டு' என்று விற்கிற டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 609.6. நாலு டைல் பெட்டியில் 16 சதுர அடி என்பார்கள், அளந்தால் பதினைந்தரைதான். பெட்டிக்கு அரை சதுர அடி காற்று. இதைக் கடைக்காரரிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு டீ சொன்னார். டீயும் பாதி டம்ளர்தான் வந்தது. வெட்டுச் சேதாரம், ஸ்கர்ட்டிங் எல்லாம் சேர்த்துப் பத்துப் பெட்டி.

மெத்தென்று இருக்கட்டுமே என்று ஆன்லைனில் எழுத்துப் போட்ட ஃபோம் பாயும் ஒன்று ஆர்டர் செய்தேன். டெலிவரிப் பையன் போன் செய்தான். "சார், பாகலூர் வந்துட்டேன், ஏர்போர்ட் பக்கத்துல எங்க?" பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாகலூர் இருக்கிறது. அங்கே எந்தக் குழந்தை என் பாயில் ஆங்கிலத்தைக் கடித்துக் கற்றதோ!

டைல்ஸ் போட வந்த பீகார்த் தம்பி மூன்று நாளில் முடித்தான். ரசமட்டம் வைத்தான், தட்டித் தட்டி டொக்கு சத்தம் பார்த்தான். நான் ஃபீலர் கேஜை இடுக்கில் சொருகியதும் நிமிர்ந்தான். "சார், இது வீடு. கம்பெனி இல்ல." பட்ஜெட்டில் எண்ணூறு ரூபாய் மிஞ்சியது. இடித்த சிமென்ட்டை அள்ளிப்போன டிராக்டர்காரர் ஆயிரம் வாங்கினார்.

பிறந்த ஐந்தாம் மாதம் மகள் வந்தாள். நேராகத் தூளிக்குள் போனாள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அவள் தொங்கிக்கொண்டிருக்க, நான் கீழே டைலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குப்புற விழ ஆரம்பித்ததும் அம்மா கோரைப்பாய் விரித்தார். அதன்மேல் ஜமுக்காளம். அதன்மேல் ரப்பர் ஷீட். அதன்மேல் நாலாக மடித்த பழைய நூல் புடவை. பதினைந்தாயிரத்து இருநூறு ரூபாய்த் தரை மூலையில் ஒரு முழம் மட்டும் தெரிகிறது. அதில் டயப்பர் மூட்டை இருக்கிறது.

தவழத் தொடங்கிய அன்றே அவள் பாயைத் தாண்டி, நிலையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்பு வைப்பதற்காக மாமாவின் இரண்டு ஆத்தங்குடிக் கல்லையும் அம்மா பதிக்கச் சொல்லியிருந்தார். மகள் அதன்மேல் உட்கார்ந்து, சிவப்புப் பூவை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. குனிந்து நக்கிப் பார்த்தாள்.

மனைவி அதை வீடியோ எடுத்துக் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டாள். இரண்டாவது நிமிடம் போன் வந்தது.

"மாப்பிள்ளை, வண்டி சொல்லிடவா?"