ஒரு மணி நேரத்தில் பெங்களூரு

சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 270 கி.மீ. ஒரு மணி நேரப் பயணம் என்கிறது டிக்கெட். பறப்பது என்னவோ முக்கால் மணி நேரம்தான். மிச்சம் ஓடுபாதையில் ஊர்வதற்கு. சீக்கிரம் இறங்கிவிட்டால், முன்கூட்டியே வந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் பெருமை வேறு அடித்துக்கொள்வார்கள்.

பெட்டி போடும் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்கும் முன்னால் கிண்டியைக் கடந்தாக வேண்டும். அது தனி யாத்திரை. பிறகு பெல்ட்டைக் கழற்றி, மாட்டி, மூன்று மடங்கு விலையில் ஒரு காபி குடித்து, பறந்து, இறங்கினால் அது பெங்களூரு அல்ல, தேவனஹள்ளி. 2008 முதல் விமான நிலையம் அங்கேதான். நகரின் மையமான மெஜஸ்டிக்குக்கு இன்னும் முப்பத்தைந்து கி.மீ. வழியில் ஹெப்பாள் மேம்பாலம் இருக்கிறது. அதைப் பற்றிப் பெங்களூர்க்காரர்களிடம் கேட்காதீர்கள், பாவம்.

வந்தே பாரத் ரயில் சுமார் 360 கி.மீ. தண்டவாளத்தை நாலரை மணி நேரத்துக்குள் ஓடி, மெஜஸ்டிக் எதிரிலேயே இறக்கிவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் விமானம் மிச்சம் பிடிப்பது அதிகமில்லை. ஆனால் "ஃப்ளைட்ல வந்தேன்" என்று சொல்லும் சுகத்துக்கு ரயில்வேயிடம் டிக்கெட் கிடையாது. அந்தச் சுகம் வேண்டாதவர்கள் ஜன்னலோரமாகப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.