புக்கிட் பாஞ்சாங்கில் ஊதா டேலில்லி பூத்ததைக் கண்டவர் எவர்? ஓர் ஆய்வு

பூச்செடி நூல்கள் மண்ணைப் பற்றிப் பேசும், உரத்தைப் பற்றிப் பேசும், பூச்சியைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசும். பூத்தபின் அதைப் பார்ப்பது யார் என்பதை மட்டும் தொடுவதில்லை. ஆர்க்கிட்டுக்கு அக்கேள்வி தேவையும் இல்லை. அது வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். இன்று நேரமில்லை என்றால் சம்பளம் வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். செம்பருத்தி ஒரே நாளில் வாடும் பூதான். ஆனால் ஆண்டு முழுக்கப் பூப்பதால் அதைத் தவறவிட்டேன் என்று வருந்தியவர் இலர். டேலில்லி அப்படியன்று. மாதக்கணக்கில் வெறும் புல்லாக நிற்கும். மனம் வந்தால் ஒரு தண்டு விடும். தண்டில் கட்டிய ஒவ்வொரு மொட்டும் ஒரு காலையில் விரிந்து, அன்றிரவே வதங்கிவிடும். இத்தகைய செடியைச் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் காரிடாரில், வேலைக்குப் போகும் ஒருவர் வளர்த்தால், அது பூத்தது என்பதற்குச் சான்று யாது? இதுவே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

முதலில் செடியின் குலம் கோத்திரம். 1753இல் லின்னேயஸ் இதற்கு ஹெமரோகாலிஸ் என்று பெயரிட்டார். லில்லி என்று அழைக்கப்பட்டாலும் இது லில்லி அன்று. லில்லிக்கு இருக்கும் வெங்காயம் போன்ற குமிழ் இதற்குக் கிடையாது. இன்றைய வகைப்பாட்டின்படி இது கற்றாழைக் குடும்பம். ஆக, வாசல் நிலையில் திருஷ்டிக்காகத் தலைகீழாகத் தொங்கும் கற்றாழையும், அதே வாசலில் தொட்டியில் நிற்கும் டேலில்லியும் பங்காளிகள். முன்னது எதையும் தாங்கும். பின்னது எதையும் தாங்காது. பங்காளிகளுக்குள் இது புதிதன்று.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களுள் இது இல்லை. அது கபிலரின் குறை அன்று. இதன் தாயகம் சீனா, ஜப்பான், கொரியா. காட்டில் வளர்வன பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு. ஊதா மனிதன் செய்த வேலை. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஆர்லோ ஸ்டவுட் என்ற அறிஞர் பல்லாண்டுகள் இனக்கலப்புச் செய்து 1934இல் டேலில்லிக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1946இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. 1970இல் ‘லிட்டில் கிரேப்பெட்’ என்ற திராட்சை நிறக் குள்ள வகை வந்தது. விற்பனைப் படத்தில் காணும் ஊதா, தொட்டியில் விரியும்போது கத்தரிப்பூ நிறமாகிவிடுவது உலகெங்கும் உள்ளதே என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

அற்றேல், ஆரஞ்சு நிறத்ததையே வளர்த்தால் ஆகாதோ எனின், ஆகும். ஆயினும் பிழைப்பதை வளர்ப்பது விவசாயம். பிழைக்குமோ பிழைக்காதோ என்பதை வளர்ப்பதே தோட்டக்கலை என்க.

ஊதாவின் இடர்கள் பல. அடர்நிற இதழ் வெயிலை விழுங்கும். மேற்குப் பார்த்த காரிடாரில் பிற்பகல் வெயில் பட்டால் உருகினாற்போல் தொய்ந்துவிடும். மழைத்துளி பட்ட இடம் வெளிறிப் புள்ளி விழும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எனவே கிழக்குப் பார்த்த காரிடாரே உத்தமம்: காலையில் வெயில், நண்பகலுக்குப் பின் நிழல். சுட்ட மண்ணுடன் தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் கலந்து, நீர் நில்லாதபடி செய்து, இலையும் வேரும் சேரும் இடம் ஓர் அங்குலத்துக்கு மேல் புதையாமல் நட வேண்டும். ஆழ நட்டால் அழுகும். அழுகிய பின்னும் இலை சில நாள் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

இன்னொரு இடர் தட்பவெப்பம். டேலில்லியில் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவன உண்டு, உறங்காதன உண்டு, அரைத்தூக்கத்தினவும் உண்டு. உறங்கும் வகையை இங்கே நட்டால், எப்போது உறங்குவது என்று தெரியாமல் ஆண்டுக்காண்டு மெலிந்து போகும். குளிரூட்டிய படுக்கையறையில் தொட்டியை வைத்துக் குளிர்காலம் கொடுக்கலாமே என்று வாதிடுவோர் உளர். அக்கொள்கை மின்கட்டணம் வரும் நாளில் கைவிடப்படும். உறங்கா வகையை வாங்குவதே முறை. அதற்கும் ஒரு விலை உண்டு. துரு நோய் என்றொரு பூஞ்சை இலைகளில் ஆரஞ்சுப் பொடியாகப் படரும்; 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் தலைகாட்டிய நோய் அது. குளிர்நாடுகளில் இலையோடு சேர்ந்து அதுவும் மடியும். இங்கே இலை மடிவதில்லை. நோய்க்கும் விடுமுறை இல்லை.

இனி அரசாங்கம். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தீயணைப்பு வண்டி வரும் நாளில் பூவின் அழகு வாதமாகாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது முதலில் பார்ப்பது பூவை அன்று, தட்டை. பூனை வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை, இது விளையாட்டன்று: இச்செடியின் எந்தப் பாகத்தைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் பூனைக்கு அனுமதி உண்டு. பூனையும் டேலில்லியும் ஒரே வாசலில் கூடா.

இவ்வளவும் கடந்து மொட்டு விரிகிறது எனக் கொள்வோம். யார் கண்டார்?

வளர்த்தவர் கண்டிலர். சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிறது. அவர் அதற்குள் இலகு ரயில் நிலையத்தில் நிற்கிறார். இதற்குச் செடியைக் குறை சொல்ல முடியாது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வகுத்தபோது சிங்கப்பூரும் உடன் சென்று, 1982 பிறந்த இரவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முந்தைய ஆண்டில் இதே செடி ஆறரை மணிச் சூரியனில் விரிந்திருக்கும். வளர்த்தவர் காப்பி குடித்துக்கொண்டே பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பார். டேலில்லி நோக்கில் அக்கால மாற்றம் இதுவரை ஆராயப்படவில்லை.

ரயில் பயணிகளும் கண்டிலர். 1999 நவம்பரில் ஓடத் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில், வீடுகளை ஒட்டிச் செல்லும் இடங்களில் தன் சன்னல் கண்ணாடியைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும். குடியிருப்போர் அந்தரங்கம் காக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் நம் பூவும் அந்தரங்கப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குப் போய்விட்டனர்.

சனி, ஞாயிறு உண்டே எனின், வாரத்தில் ஏழில் இரண்டு. தண்டில் பதினான்கு மொட்டு என்றால் சராசரியாக நான்கு நமக்கு, பத்து வேலைநாளுக்கு. பொது விடுமுறை 11 நாள். 1968இல் பட்டியலிலிருந்து போன தைப்பூசம் இருந்திருந்தால் கணக்கு இன்னும் சற்று நமக்குச் சாதகமாகியிருக்கும்.

ஆக, கண்டவர்: தளம் பெருக்கும் துப்புரவாளர், பொட்டலம் கொண்டுவரும் தம்பி, பக்கத்து வீட்டுப் பணிப்பெண், எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி. வளர்த்தவர்க்கு வந்து சேர்வது ஆண்ட்டி அனுப்பிய வாட்ஸ்அப் படம். அதில் பாதி அவர் கட்டைவிரல். எனினும் இக்கட்டுரையாளர் அதனைச் சான்றாக ஏற்கிறார்.

ஆண்ட்டியின் ஆர்வத்துக்குக் காரணம் வேறு. ஈரச்சந்தையில் ‘கிம் சியாம்’ என்று விற்கும் உலர்ந்த பழுப்பு மொட்டு டேலில்லியே. ஊறவைத்து, காம்பின் கெட்டி முனையைக் கிள்ளி, சிதறாதிருக்க ஒவ்வொன்றையும் முடிச்சிட்டு, கறுப்புக் காளானோடு கோழியில் சேர்ப்பார்கள். ஊதாவைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே: “போலே மாக்கான்?” (சாப்பிடலாமா?) மருந்தடித்த அலங்காரச் செடியைச் சமைக்கலாகாது என்று பசார் மலாயில் விளக்குவது எளிதன்று.

சிக்கலுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஹெமரோகாலிஸ் சிட்ரினா என்ற இனம் மாலையில் விரிந்து, இரவெல்லாம் மணந்து, மறுநாள் காலையில் மூடிக்கொள்ளும். வேலை முடிந்து வருபவர்க்கென்றே அமைந்த பூ. குறைகள் இரண்டு. நிறம் எலுமிச்சை மஞ்சள், ஊதா அன்று. அடுத்தது, கிம் சியாமுக்காகச் சீனாவில் பெருமளவில் பயிராவதே இந்த இனம்தான். விரியுமுன் பறித்தால்தான் அது கோழிக்கு ஆகும். விரியும் வேளையோ மாலை. அந்நேரம் வளர்த்தவர் டவுன்டவுன் தடத்தில் பியூட்டி வோர்ல்ட் தாண்டி நின்றுகொண்டே வருவார். ஆண்ட்டி வீட்டில் இருப்பார்.